உட்கார்ந்தால் அமைதி, எழுந்தால் எரிச்சல்: என் தியானம் எங்கே போகிறது?

இந்த முறை வந்த கடிதம் நீளமானது. எழுதியவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. ஒரு சரக்குக் கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். மனைவியும் வேலைக்குப் போகிறவர். ஒன்பது வயதில் ஒரு மகள். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்த பிறகு தூக்கம் வராமல் கிடந்தவர், நண்பர் சொன்னார் என்று பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போனார். அங்கே பிடித்துக்கொண்ட பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. படுக்கப் பதினொன்றரை ஆனாலும் காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார். "உட்கார்ந்திருக்கும்போது எதுவும் என்னைத் தொடுவதில்லை. எழுந்த பத்தாவது நிமிடம் யாராவது ஏதாவது சொன்னால் சுள்ளென்று ஏறுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

போன மாதம் ஒரு இரவு, மகள் சத்தம் போடாமல் கதவைத் திறந்து அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறாள். திரும்பும்போது அவள் கால் பட்டு டம்ளர் சாய்ந்து, இருக்கை நனைந்துவிட்டது. இவர் கத்தியதோடு நிற்காமல் தோளைப் பிடித்து உலுக்கியும்விட்டார். குழந்தை அழவில்லையாம். "தியானம் பண்ணினா கோபம் வராதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மனைவி சொன்னது இன்னும் சுட்டிருக்கிறது: "கத்தினப்போதான் நீங்க இந்த வீட்ல இருக்கீங்கன்னே தெரிஞ்சுது. மத்த நேரம் கல்லு மாதிரி இருக்கீங்க."

வேலை இடத்தில் வேறு கதை. எட்டு மாதமாக மேனேஜர் இவருடைய ஆட்களை ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கிறார், அதற்குச் சம்பளம் கிடையாது. ஆட்கள் இவரைப் பேசச் சொன்னார்கள். எதுவும் நிலையில்லை, பொறுத்துப்போவோம் என்று இவர் இருந்துவிட்டார். ஒரு பையன் வேலையை விட்டுப் போகும்போது, "நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவர் கேட்பது இவைதான். இரண்டு வருடப் பயிற்சி வீணா? மேனேஜரிடம் மாட்டிக்கொண்டது போன பிறவிக் கர்மாவா, அப்படியானால் பொறுப்பதுதானே சரி? மகள் பள்ளியில் பரிசு வாங்கி வந்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லையே, அது பற்றற்ற நிலையின் அடையாளமா? வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிக்குவாகப் போய்விடலாமா?

இனி உங்களிடமே பேசுகிறேன்.

நான் மனநல ஆலோசகர், பிக்கு இல்லை. பதினைந்து வருடமாக நானும் உட்காருகிறேன் என்பதால் நீங்கள் சொல்லும் அந்தப் பத்தாவது நிமிடம் எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் இரண்டு வருடம் வீண் இல்லை. தூக்கமில்லாமல் தத்தளித்தவரை அது தாங்கிப் பிடித்திருக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பயிற்சி முழுவதையும் சாத்திய கதவுக்கு உள்ளே வைத்துவிட்டீர்கள். வெளியே வரும்போது அது கூட வருவதில்லை. இங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

புத்தரின் உபதேசத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 21-வது சூத்திரத்தில் புத்தர் ஒரு கதை சொல்கிறார். சாவத்தி நகரத்தில் வேதேகிகா என்று ஒரு வீட்டுக்காரி. சாந்தமானவள், பொறுமைசாலி என்று ஊரெல்லாம் பெயர். அவள் வீட்டில் காளி என்று ஒரு பணிப்பெண், கெட்டிக்காரி, வேலையில் ஒரு குறை இருக்காது. அவளுக்கு ஒரு நாள் சந்தேகம் வருகிறது: அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் இல்லையா, இல்லை நான் வேலையை ஒழுங்காகச் செய்வதால் கோபம் வெளியே வராமல் இருக்கிறதா? சோதித்துப் பார்க்க ஒரு நாள் தாமதமாக எழுந்தாள், முகச்சுளிப்பு வந்தது. மறுநாள் இன்னும் தாமதம், ஏச்சு வந்தது. மூன்றாம் நாள் இன்னும் தாமதமாக எழுந்தாள், வேதேகிகா கதவுத் தாழ்ப்பாளை எடுத்து அவள் மண்டையில் அடித்து ரத்தம் வரவைத்துவிட்டாள். பிடிக்காத வார்த்தை வந்து தொடாதவரை யாரும் சாந்தமாகத்தான் இருப்பார்கள், தொடும்போதுதான் ஒருவர் சாந்தமானவரா என்று தெரியும் என்று புத்தர் பிக்குகளிடம் சொல்கிறார்.

இதை உங்களைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அந்த உபதேசம் வீட்டுக்காரர்களுக்குச் சொன்னதில்லை, முழுநேரமும் பயிற்சியிலேயே இருந்த துறவிகளுக்குச் சொன்னது. அவர்களுக்கே இந்தப் பாடம் தேவைப்பட்டது. சாத்திய அறையில் உங்களை எதுவும் தொடாததற்குக் காரணம், தொடக்கூடிய எதையும் நீங்கள் உள்ளே விடுவதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே வந்தது, உங்கள் பயிற்சி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று காட்டிவிட்டது. அது அவமானப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் குழந்தையைப் பிடித்து உலுக்கியது வேறு, அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போக என்னால் முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கல்லும் சமநிலையும்

உங்கள் மனைவி சொன்ன 'கல்லு' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே புத்தகோசர் என்ற பௌத்த உரையாசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து அவர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில், நாலு நல்ல குணங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகைகள் என்று ஒரு விளக்கம் வரும். ஒன்று தூரத்துப் பகை, பார்த்தாலே எதிரி என்று தெரிந்துவிடும். இன்னொன்று பக்கத்துப் பகை, நண்பனைப் போலவே முகம் வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். உபேக்கை என்கிற சமநிலைக்குத் தூரத்துப் பகை ஆசையும் வெறுப்பும். பக்கத்துப் பகை அறியாமையால் வரும் அசட்டை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: முகத்தில் சலனம் இல்லை, குரல் உயரவில்லை. சமநிலையில் இருப்பவர் எதிரில் இருப்பவரின் வலியைப் பார்த்துக்கொண்டே நிலைகுலையாமல் இருக்கிறார். அசட்டையில் இருப்பவர் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். உங்கள் வீட்டில் எது நடக்கிறது என்பதை உங்களைவிட உங்கள் மனைவி சரியாகச் சொல்லுவார், அதனால் அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு விளக்கம் சொல்லாமல் இருங்கள், அது இன்னும் முக்கியம்.

இன்னொரு விஷயம். இந்தச் சமநிலையைப் பௌத்தம் தனியாக வைக்கவில்லை. எல்லோர் நலமும் நாடும் அன்பான மைத்ரி, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை, உபேக்கை என்று நாலும் சேர்ந்துதான் சொல்லப்படுகின்றன. மற்ற மூன்றும் இல்லாமல் நாலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் கடைசியில் வருவது நீங்கள் எழுதியிருப்பது போன்ற வெறுமைதான்.

அந்த ஒரு நொடிக்குள்

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. மணிமேகலையில், ஒன்றைச் சார்ந்து ஒன்று எழுவதாகப் பௌத்தம் சொல்லும் பன்னிரண்டு சார்புகள் வரும் இடத்தில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று வரிசையாக வருகிறது. அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு அன்று இரவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் தொடையில் பட்டது, அது ஊறு. 'சே' என்று ஒரு பிடிக்காத உணர்வு எழுந்தது, அது நுகர்வு. இது நடந்திருக்கக் கூடாது என்று ஒரு தள்ளல் வந்தது, அது வேட்கை. வேண்டும் என்பது மட்டும் வேட்கை இல்லை, வேண்டவே வேண்டாம் என்பதும் அதில் சேர்த்திதான். என் தியானம், என் நேரம், என் அமைதி போய்விட்டது என்று இறுகியது பற்று. கை குழந்தையின் தோளுக்குப் போனது அதற்கும் அப்புறம். எல்லாம் ஒரு நொடி. நுகர்வுவரை நடந்தது உங்கள் கையில் இல்லை, தண்ணீர் பட்டால் குளிரத்தான் செய்யும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, நீங்கள் இரண்டு வருடமாக உட்கார்ந்து பழகுவதே அந்த இடைவெளியைப் பார்ப்பதற்குத்தான்.

அதை அறைக்கு வெளியே பழக நான் சொல்வது இது. இரவு ஒரு மணி நேரத்தை இருபது நிமிடமாகக் குறையுங்கள். மீதி நாற்பது நிமிடம் வீட்டாரோடு இருங்கள், போன் கையில் இல்லாமல். தியானம் முடிந்ததும் உடனே எழாமல், கண்ணைத் திறந்து வீட்டுச் சத்தங்களை இரண்டு நிமிடம் கேளுங்கள்: பாத்திரம் உருளும் சத்தம், மகள் வாய்விட்டுப் படிக்கும் சத்தம். மூச்சைக் கவனித்த அதே கவனம்தான், கவனிக்கும் பொருள் மட்டும் வேறு. கதவுப் பிடியில் கை வைத்ததும் அதன் குளிர்ச்சி, தரையில் பாதம் பதிந்திருப்பது, இரண்டையும் உணர்ந்துவிட்டுத் திறங்கள். பத்து விநாடிகூட ஆகாது.

'சுள்ளென்று ஏறுகிறது' என்று எழுதினீர்களே, எங்கே ஏறுகிறது? தாடையிலா, காதிலா, பிடரியிலா? ஒருவருக்கு ஒரு இடம் இருக்கும். உங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அங்கே சூடு வரும்போது மனதுக்குள் 'சூடு, சூடு' என்று பெயர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பர்மாவின் மகாசி சயாடோ மரபில் வரும் முறை இது. முதல் சில வாரம் கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வரும். மனம் விட்டுவிடாதீர்கள். சிறுவனாக இருந்த தன் மகன் ராகுலனுக்கு, முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரு செயலைச் செய்வதற்கு முன்பும், செய்யும்போதும், செய்த பிறகும் பார் என்றுதான் புத்தர் சொன்னார். முன்பு பார்க்க முடியாதவன் பின்பாவது பார்க்கட்டும் என்று அதற்கும் இடம் வைத்தார். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 'பின்பு' என்ற இடத்தில்தான் தொடங்குகிறார்கள். பின்பு என்பது மெல்ல மெல்ல நகர்ந்து நடுவுக்கு வரும்.

மேனேஜரும் கர்மாவும்

எல்லாம் போன பிறவிக் கணக்கு என்பதைப் பௌத்தம் என்று நினைத்திருக்கிறீர்கள். சிவகன் என்ற பரிவிராஜகன், அதாவது ஊர் ஊராய்த் திரியும் துறவி, புத்தரிடம் இதையேதான் கேட்டான்: மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினையால் வருகின்றன என்று சிலர் சொல்கிறார்களே, சரியா? அவர் மறுத்தார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் சேர்வது, பருவ மாற்றம், கவனமில்லாத நடத்தை, பிறர் செய்யும் தாக்குதல், வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களை அடுக்கி, அதில் வினைப்பயன் ஒன்றே ஒன்று என்றார். உங்கள் ஆட்களின் மாலை நேரம் பறிபோவதற்குக் காரணம் ஒரு மனிதர் எடுக்கும் முடிவு. அதை முன்வினை என்று சொன்னால் அந்த முடிவை யாரும் கேள்வி கேட்க முடியாமல் போய்விடும்.

சிகாலன் என்ற இல்லறத்தானுக்குப் புத்தர் சொன்ன உபதேசத்தில் முதலாளி தொழிலாளிக்குச் செய்ய வேண்டியதென்று ஐந்து வருகிறது: சக்திக்கு ஏற்ற வேலை கொடுப்பது, உணவும் கூலியும் கொடுப்பது, நோயில் பார்த்துக்கொள்வது, நல்ல உணவு கிடைத்தால் பகிர்ந்துகொள்வது, நேரத்தோடு விடுவிப்பது. எனவே 'நேரத்துக்கு அனுப்புங்கள்' என்று நீங்கள் கேட்டால் அது பற்று ஆகிவிடாது. அபய இளவரசன் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தபோது புத்தர் அவனைக் கேட்டார்: இந்தக் குழந்தை ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்? ரத்தம் வந்தாலும் விரல் விட்டு எடுப்பேன், அதன்மேல் எனக்கு இரக்கம் இருக்கிறது என்றான் அவன். உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால், கேட்பவருக்குப் பிடிக்காத சொல்லையும் நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று அங்கே வருகிறது. இதில் நேரம் பார்ப்பது முக்கியம். ஷிப்ட் மாறும் பரபரப்பில், பத்துப் பேர் முன்னால் வேண்டாம்.

நான் வழக்கறிஞர் இல்லை, அதனால் பொதுவாக மட்டும் சொல்கிறேன். முதலில் கணக்கு: எந்தத் தேதியில், யார், எத்தனை மணிவரை நின்றார்கள் என்று இன்றிலிருந்து எழுதி வையுங்கள், பழையதை ஞாபகத்தில் இருக்கும்வரை எழுதுங்கள். அவரவர் வேலை நியமனக் கடிதத்தில் வேலை நேரம் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு மேனேஜரிடம் தனியாக ஒரு பேச்சு, அது முடிந்ததும் பேசியதைச் சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதிவு இருக்கட்டும். அசைவில்லை என்றால் மனிதவளப் பிரிவு, தொழிற்சங்கம் இருந்தால் சங்கம், அதற்கும் மேல் தொழிலாளர் துறை. பல நாடுகளில் ஓவர்டைம் விதி சூப்பர்வைசர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒன்றாக இருக்காது, உங்களுக்குக் கிடைக்காத உரிமை உங்கள் ஆட்களுக்கு இருக்கலாம். அதனால் மேலே எழுதுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரை ஒரு முறை பாருங்கள். ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஷிப்டை மாற்றலாம், வேறு விதத்தில் நெருக்கலாம். கடன் இருப்பதால் மனைவியோடு உட்கார்ந்து, மோசமாகப் போனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று பேசிவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் பையன் 'அண்ணே' என்று கூப்பிட்டான், உங்களை மேனேஜரின் ஆளாக அவன் பார்க்கவில்லை. அவனுடைய நம்பருக்கு ஒரு முறை பேசுங்கள்.

மகளின் பரிசும் வராத மகிழ்ச்சியும்

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்த இடம் இதுதான். மகள் பரிசோடு வந்து நிற்கிறாள், உள்ளே எதுவும் அசையவில்லை, அதை முன்னேற்றமா என்று கேட்கிறீர்கள். ஞானத்துக்கு அங்கங்கள் என்று பௌத்தம் எண்ணும் ஏழில் பிரீதி, அதாவது மகிழ்ச்சி, ஒன்று. மரத்துப்போவது அந்தப் பட்டியலில் கிடையாது.

அப்பாவின் மரணம், தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கம், சுள்ளென்ற எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று என் தொழில் என்னைக் கேட்க வைக்கிறது. ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதும் உண்டு. கடிதத்தை வைத்து நோய் இது என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் இப்படி இருந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள், தைராய்டு போன்ற உடல் காரணங்களையும் அவர் பார்ப்பார். வாழ்ந்து என்ன என்கிற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் நாள் கடத்தாமல் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். தியானம் செய்கிறவன் மருந்து எடுக்கலாமா என்று ஒரு தயக்கம் வரும். எடுக்கலாம். நோயில் பிக்குகளுக்கு மருந்து கொடுப்பது பற்றி துறவிகளுக்கான விதிநூலான விநயத்தில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது.

தூக்கத்தையும் சரிசெய்யுங்கள். காலை உட்காருவதை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். சோணன் என்ற பிக்கு பாதம் வெடித்து ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானித்து, பலன் இல்லை, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது, வீணையின் நரம்பு அதிகம் முறுக்கினால் நாதம் வருமா என்று புத்தர் அவனைக் கேட்டார். அவன் முன்பு வீணை வாசித்தவன், உடனே புரிந்துகொண்டான். இரண்டு வருடம் ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தேன் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு அந்த நரம்புதான் ஞாபகம் வந்தது.

பிக்குவாகப் போவது பற்றி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் இருப்பவருக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்பது விநய விதி. பெற்றோர் சம்மதம் இல்லாமலும் கூடாது, ராகுலனுக்குத் துறவு கொடுத்த பிறகு தாத்தா சுத்தோதனர் மனம் நொந்து கேட்டுக்கொண்டதால் வந்த விதி அது. ஆகவே ஆறு வருடக் கடனோடு, அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கதவு திறக்காது. விதியை விடுங்கள், நீங்கள் எதை நோக்கிப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை, எதிலிருந்து போகிறீர்கள் என்றுதான் நாலு பக்கமும் இருக்கிறது.

தீகஜாணு என்ற கோலியர் குலத்துக்காரர் புத்தரிடம் வந்து, நாங்கள் பிள்ளைகளோடு நெருக்கிப் படுத்துக்கொண்டு வாழ்கிற ஆட்கள், எங்களுக்குத் தகுந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டார். வீட்டை விடு என்ற பதில் அவருக்கு வரவில்லை. உழைப்பில் முனைப்பு, சம்பாதித்ததைக் காப்பது, நல்ல நட்பு, வரவுக்குத் தகுந்த வாழ்க்கை என்று நாலும், அதற்கு மேல் நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, ஞானம் என்று நாலும் சொல்லி அனுப்பினார். நல்ல நட்பு உங்களிடம் இல்லை. தனியாகவே உட்கார்ந்திருக்கிறீர்கள். வாரம் ஒரு முறையாவது கூடி உட்காரும் குழு ஒன்றைத் தேடுங்கள், அனுபவமுள்ள ஒருவரிடம் இந்த வெறுமையைப் பற்றிச் சொல்லுங்கள்.

இப்போது மகள்

ராகுலனுக்குச் சொன்னதில் இன்னும் ஒன்று உண்டு: சொல்லாலோ உடலாலோ தவறு செய்துவிட்டதாகப் பின்பு தெரிந்தால், அதை மறைக்காமல் ஆசிரியரிடமோ உடன் இருப்பவரிடமோ திறந்து சொல்ல வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டதே, அவள் மறந்திருப்பாள் என்று விடாதீர்கள். ஒன்பது வயதுக் குழந்தை மறக்காது, எடுத்துப் பேசாது, அவ்வளவுதான். அவள் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து, 'அன்னைக்கு நீ எனக்குத் தண்ணி கொண்டுவந்தே. நான் கத்தினேன், உன்னைப் பிடிச்சு உலுக்கினேன். அது என் தப்பு, உன் தப்பு இல்ல' என்று சொல்லுங்கள். 'ஆனா நீயும் கதவைத் தட்டியிருக்கணும்' என்று சேர்க்காதீர்கள். அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லுங்கள்: தியானம் பண்ணினாலும் கோபம் வருது, அதைக் கவனிக்க இப்போதான் கத்துக்கறேன் என்று. கை மறுபடியும் அவள்மேல் போகும் என்று எப்போதாவது தோன்றினால் அந்த அறையை விட்டு நீங்கள் வெளியேறுங்கள், எனக்கோ வேறு ஆலோசகருக்கோ உடனே பேசுங்கள்.

அப்புறம், இரவு அந்த இருபது நிமிடமும் கதவைச் சாத்தாமல் உட்காருங்கள். அவள் வந்து பார்ப்பாள், பேசுவாள், பக்கத்தில் உட்கார்ந்து நெளிவாள். டம்ளர் இன்னொரு முறைகூடக் கவிழலாம். ஆறு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், உங்கள் மனைவியையும் அந்தக் கடிதத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.